இறைச்சி மாடுகளில் கருமாற்றம்: சினை பிடிப்பதை எதெல்லாம் தீர்மானிக்கிறது? முழுமையான வழிகாட்டி

ஒரு பசுவின் (கொடைப் பசு) கருவை எடுத்து இன்னொரு பசுவின் (வாடகைத் தாய்) கருப்பையில் வைப்பதுதான் கருமாற்றம். அதைச் செய்ய முடிவெடுத்தவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை சதவீதம் சினை நிற்கும்?" என்பதுதான். பொதுவாகக் கிடைக்கும் பதில் இது: கொடைப் பசுவிடமிருந்து, அது பருவத்துக்கு வந்த 7ஆம் நாள் எடுத்த முதல் தரக் கருவை அன்றே வைத்தால் 60 முதல் 70 சதவீதம். உறையவைத்து உருக்கி வைத்தால் அதைவிடச் சுமார் 10 குறையும். ஆய்வகத்தில் முட்டையையும் விந்தையும் சேர்த்து உருவாக்கிய கரு என்றால் பெரும்பாலும் 40 முதல் 50. எண்கள் சரிதான். ஆனால் ஒரே வகைக் கருவை ஒரே வாரத்தில் இரண்டு பண்ணைகளில் வைத்து, ஒன்றில் பாதிக்கு மேல் சினை பிடிக்க, மற்றதில் நாலில் ஒன்றுதான் நிற்பதும் நடக்கிற கதை.

இது கூட்டல் கணக்கு இல்லை, பெருக்கல் கணக்கு. வாடகைத் தாயின் உடல்நிலை, நாள் பொருத்தம், கருவின் தரம், வைப்பவரின் கை என்று நான்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். நான்கும் 90 சதவீதம் சரியாக இருந்தால்கூடப் பெருக்கினால் கிடைப்பது 66 தான். ஒன்றில் மட்டும் பாதிக்கு இறங்கினால் மொத்தமும் 36க்கு வந்துவிடும். மீதி மூன்றும் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் அந்த ஒன்றை ஈடுகட்டாது.

தோற்றால் பழி வழக்கமாகக் கருவின் மேலோ, வைத்தவர் மேலோ விழும். நான் பார்த்தவரை, கரு திரவ நைட்ரஜன் தொட்டியிலிருந்து வெளியே வருவதற்கு இரண்டு மாதம் முன்பே பாதி முடிவு எழுதப்பட்டுவிடுகிறது. அதனால் கொடைப் பசுவை விட்டுவிட்டு, வாடகைத் தாயிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

படி 1: வாடகைத் தாயைத் தேர்ந்தெடுத்தல் (60 முதல் 90 நாள் முன்)

மந்தையில் எதற்கும் உதவாதவற்றை வாடகைத் தாயாக ஒதுக்குவது பரவலான பழக்கம். விலை உயர்ந்த கருவை வாங்கி, போன வருடம் சினையே பிடிக்காத பசுவுக்குள் வைப்பதில் என்ன நியாயம் இருக்கிறது? சினை நிற்காததால் ஒதுக்கப்பட்ட பசு கருமாற்றத்துக்கும் ஒதுக்கப்பட வேண்டிய பசுதான்.

கன்று ஈன்ற பசு என்றால் ஈன்று குறைந்தது 60 நாள் ஆகியிருக்க வேண்டும், அதற்குள் பருவச் சுழற்சி தொடங்கியிருக்க வேண்டும். இறைச்சி இனங்களில் கன்று கூடவே நின்று குடிப்பதால் பருவம் திரும்புவது தாமதமாகும். நாள் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். ஒரு தடவையாவது பருவத்துக்கு வந்ததைக் கண்ணால் பார்த்திருந்தால் நல்லது. நஞ்சுக்கொடி விழாமல் நின்றது, இழுத்து எடுக்கும்படியான கடினப் பிரசவம், சீழ் வடிந்தது என்று வரலாறு உள்ளவற்றை இந்தச் சுற்றில் விட்டுவிடுங்கள்.

கிடேரிகளின் கருப்பை சுத்தமாக இருக்கும், கன்று பால் குடிக்கும் சுமையும் இல்லை. ஆனால் முதிர்ந்த எடையில் 60 முதல் 65 சதவீதத்தை எட்டி, இரண்டு மூன்று முறை பருவத்துக்கு வந்திருக்க வேண்டும். இன்னொன்று, பிறக்கும் கன்றின் பருமனைப் பெருமளவு தீர்மானிப்பது கருவின் மரபுதான். பெரிய இனக் கருவைச் சிறிய உடற்கட்டுள்ள கிடேரிக்குள் வைத்தால் சினை நன்றாகவே நிற்கும். சிக்கல் ஈனும்போது வரும். பாலையும் தாய்மைக் குணத்தையும் பாருங்கள். கன்றுக்கு மரபு வேறிடத்திலிருந்து வந்தாலும், சீம்பாலும் பால்குடி மறக்கும்போது இருக்கப்போகும் எடையும் இந்தத் தாயின் மடியிலிருந்துதான் வர வேண்டும்.

உடல்நிலையை இறைச்சி மாடுகளுக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் போட்டுப் பார்ப்பார்கள். 5 அல்லது 6 வேண்டும். விலா எலும்புகள் வரிசையாகத் தெரியவும் கூடாது, வாலடியில் கொழுப்பு கட்டிகட்டியாகத் திரளவும் கூடாது. எண்ணைவிடப் போக்கு முக்கியம். மெலிந்திருந்து உடம்பு தேறிக்கொண்டிருக்கும் பசு, கொழுத்திருந்து இளைத்துக்கொண்டிருக்கும் பசுவைவிட நன்றாகச் சினை பிடிக்கும். அதனால்தான் 60 நாள் முன்பே தொடங்கச் சொல்கிறேன். தேற்றுவதற்கு இரண்டு வாரம் போதாது. செம்பு, துத்தநாகம், மாங்கனீசு, செலினியம் உள்ள தாது உப்புக் கலவை இந்தக் காலம் முழுக்கக் கிடைக்க வேண்டும். பூஞ்சை பிடித்த தீவனம் கூடவே கூடாது. யூரியாவையும் புரதத்தையும் அள்ளிக் கொடுப்பதும் கெடுதல்தான். ரத்தத்தில் யூரியா ஏறினால் கருப்பையின் அமிலத்தன்மை மாறி, கருவுக்கு ஒத்துவராமல் போகலாம்.

தடுப்பூசிகளை இந்தக் கட்டத்திலேயே முடித்துவிடுங்கள். முக்கியமாக ஐ.பி.ஆர். (மூச்சுக்குழல் அழற்சி), பி.வி.டி. (வைரஸ் கழிச்சல்) நோய்களுக்கான உயிருள்ள தடுப்பூசிகளைக் கருமாற்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போடக் கூடாது. இடைவெளி இன்னும் கூடினால் நிம்மதி. வெளியிலிருந்து வாங்கிய மாடுகளைத் தனியே வைத்து, பி.வி.டி., லெப்டோஸ்பைரா, நியோஸ்போரா போன்ற கருச்சிதைவு நோய்களுக்குப் பரிசோதித்த பிறகே மந்தையில் சேருங்கள்.

படி 2: கொடைப் பசுவைத் தயார்செய்தல்

இந்த வேலை கால்நடை மருத்துவர் கையில் இருக்கும். என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் ஏமாற்றம் குறையும்.

பசு இயல்பாக ஒரு சுழற்சிக்கு ஒரு முட்டைதான் விடும். எஃப்.எஸ்.எச். ஹார்மோனைக் கொடுத்தால், கரைந்து போகவேண்டிய முட்டைக் கொப்புளங்களும் சேர்ந்து வளரும். இந்த ஹார்மோன் உடம்பில் சில மணி நேரமே தங்குவதால் 12 மணிக்கு ஒரு ஊசி வீதம் 4 நாள், அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போடுவது வழக்கம். 3 அல்லது 4ஆம் நாளில், பருவத்தை வரவழைக்கும் புராஸ்டாகிளாண்டின் ஊசி. சுமார் இரண்டு நாளில் பசு பருவத்துக்கு வரும். பருவம் தொடங்கியதிலிருந்து 12ஆம் மணியிலும் 24ஆம் மணியிலும் கருவூட்டல். ஒரு ஊசி தவறினாலும், நேரம் இழுத்தடித்தாலும் விளைவில் தெரியும். "காலையில் மறந்துவிட்டது, மாலையில் இரண்டாகப் போட்டுவிடலாம்" என்பதெல்லாம் இங்கே செல்லாது. புதிய கொப்புள அலை (கொப்புளங்கள் கூட்டமாக வளர்வது) கிளம்பும் நேரத்தில் ஊசியைத் தொடங்குவதும் முக்கியம்; அலையில் ஏற்கெனவே ஒரு பெரிய கொப்புளம் தலையெடுத்துவிட்டால் அது மற்றவற்றை அமுக்கிவிடும்.

ஒரு தடவை கருப்பையைத் திரவத்தால் கழுவி எடுத்தால் சராசரியாக 5 முதல் 7 நல்ல கருக்கள் கிடைக்கும் என்பார்கள். அந்தச் சராசரியில் 20 கொடுத்த பசுவும் இருக்கிறது, ஒன்றுமே கொடுக்காத பசுவும் இருக்கிறது. ஏறக்குறைய நாலைந்து பசுக்களில் ஒன்று வெறுங்கையோடு அனுப்பும். சூலகத்தில் சிறு கொப்புளங்கள் எத்தனை என்று ஸ்கேனில் எண்ணுவதும், ரத்தத்தில் ஏ.எம்.எச். எனும் ஹார்மோனின் அளவு பார்ப்பதும் யார் நன்றாகக் கொடுப்பார்கள் என்று முன்கூட்டியே ஓரளவு காட்டும். பிராமன், நெல்லூர் போன்ற திமில் இன மாடுகளுக்கு எஃப்.எஸ்.எச். குறைவாகவே போதும், அவற்றின் பருவம் குறுகியது, பல நேரம் இரவில் வந்து போய்விடும்.

பரிசு வாங்கிய பசு எல்லாம் நல்ல கொடைப் பசு ஆகிவிடாது. கண்காட்சிக்காகக் கொழுக்க வைத்த பசுவின் உடம்பிலிருந்து அந்தக் கொழுப்பை இறக்காமல் ஊசி போடுவது, பணத்தைக் கொட்டி ஏமாற்றத்தை வாங்குவது. விந்திலும் மிச்சம் பிடிக்காதீர்கள். பாலினம் பிரித்த விந்தைப் போட்டால் கிடைக்கும் கருக்களின் எண்ணிக்கை பொதுவாகக் குறையும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: கழுவி எடுத்தல், தரம் பிரித்தல்

பருவம் வந்த நாளை 0 என்று எண்ணினால் 7ஆம் நாள் கழுவுவார்கள். ஏன் 7? கரு 4, 5ஆம் நாள் வாக்கில்தான் சூல்குழாயிலிருந்து கருப்பைக்கு இறங்குகிறது. அதற்கு முன் கழுவினால் கிடைக்காது. சில நாள் தள்ளினால் மேலுறையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அந்த உறை முழுசாக இருந்தால்தான் கருவைப் பத்து முறை புதுத் திரவத்தில் மாற்றி மாற்றிக் கழுவி, ஒட்டியிருக்கும் கிருமிகளை நீக்க முடியும்.

கரு வெறும் கண்ணுக்கு ஒரு தூசியைப் போலத்தான் தெரியும். ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குக்குப் பக்கம். நுண்ணோக்கியில் பார்த்தால் கண்ணாடி வளையத்துக்குள் திராட்சைக் கொத்தைப் போல ஓர் உருண்டை. முதல் தரக் கருவில் செல்கள் இறுகி ஒட்டியிருக்கும், நிறம் ஒரே சீராக இருக்கும், வெளியே தெறித்து நிற்கும் செல்கள் அரிது. இரண்டாம் தரத்தில் உருண்டையின் ஓரம் பிசிறடித்து, சில செல்கள் தனியே கிடக்கும். மூன்றில் பாதிக்கு மேல் சிதைவு. நான்கு என்றால் செத்தது, அல்லது கருவுறாத முட்டை. புதிதாகப் பார்ப்பவர்கள் தடுமாறுவது இந்தக் கடைசி வகையில்தான். கருவுறாத முட்டை பல நேரம் வழவழவென்று உருண்டையாக, உண்மையான கருவைவிட அழகாக இருக்கும். ஊசிமுனையால் உருட்டி எல்லாப் பக்கமும் பார்க்காமல் தரம் எழுதக் கூடாது.

உறையவைக்க முதல் தரம் மட்டும். இரண்டாம் தரத்தை அன்றே வைத்துவிடுவது நல்லது. மூன்றாம் தரத்தை, சும்மா நிற்கும் வாடகைத் தாய் மிச்சமிருந்தால் வைக்கலாம். அதற்காக ஒரு நல்ல தாயின் 21 நாளை வீணாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அப்புறம், கழுவி முடித்த கொடைப் பசுவுக்குப் புராஸ்டாகிளாண்டின் போட மறக்காதீர்கள். உள்ளே தங்கிவிட்ட கருக்கள் பல சினையாக வளர்ந்தால் தாங்காது.

படி 4: நாளைப் பொருத்துதல்

அதிகம் தோற்பது இங்கே. கருவின் வயதும் வாடகைத் தாயின் பருவம் முடிந்து ஆன நாளும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போக வேண்டும். முன்னே பின்னே ஒரு நாள்வரை பொறுக்கும், அதைத் தாண்டினால் சினை விழுக்காடு மளமளவென்று சரியும்.

ஏன் இவ்வளவு கறார்? பருவம் முடிந்து முட்டை வெளியேறிய இடத்தில் கார்பஸ் லூட்டியம் எனும் மஞ்சள் கட்டி உருவாகி, புரொஜெஸ்டிரான் சுரக்கிறது. அது நாளுக்கு நாள் ஏற ஏற, கருப்பைச் சுரப்பும் நாளுக்கு நாள் மாறுகிறது. 7ஆம் நாள் கருவுக்கு 7ஆம் நாள் கருப்பையின் உணவு வேண்டும். 13ஆம் நாள் வாக்கில் சில மில்லிமீட்டர் இருக்கும் கரு, அடுத்த நாலைந்து நாளில் ஒரு சாண் நீள நூலாக இழுபட்டு, இன்டர்ஃபெரான் டவ் எனும் புரதத்தைச் சுரந்து "நான் இங்கே இருக்கிறேன்" என்று தாய்க்குச் சொல்கிறது. 15 முதல் 17ஆம் நாளுக்குள் அந்தச் செய்தி போய்ச் சேராவிட்டால், கருப்பை வழக்கம்போலப் புராஸ்டாகிளாண்டினை விட்டு மஞ்சள் கட்டியைக் கரைத்துவிடும். கரு நன்றாகத்தான் இருந்திருக்கும். பிந்திப் பேசியதுதான் தவறு.

ஆகவே பருவம் வந்த நேரத்தை "செவ்வாய்க்கிழமை" என்று எழுதினால் போதாது, "செவ்வாய் காலை 6 மணி" என்று எழுத வேண்டும். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் அரை மணி நேரமாவது மந்தையோடு நின்று பாருங்கள். தீவனம் போடும் நேரத்தில் பார்ப்பது பார்த்த கணக்கில் வராது. அப்போது மாட்டின் கவனம் தொட்டியில்தான். மற்ற மாடு ஏறும்போது நகராமல் நிற்கிறதா என்பதே உறுதியான அறிகுறி. ஏறுகிற மாடு பருவத்தில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வாலடியில் பூசும் வண்ணமும், உரசினால் நிறம் மாறும் ஒட்டுப்பட்டையும் ராத்திரிக்கு உதவும்.

பருவம் பார்க்க ஆள் இல்லையென்றால் நேரம் குறித்த முறை இருக்கிறது. புரொஜெஸ்டிரான் சாதனத்தைப் பிறப்புறுப்பில் 7 நாள் வைத்து, எடுக்கும்போது புராஸ்டாகிளாண்டின், இரண்டு மூன்று நாள் கழித்து முட்டையை வெளியேற்றும் ஜி.என்.ஆர்.எச். ஊசி, அதிலிருந்து 7ஆம் நாள் கருமாற்றம். வசதியானதுதான். ஆனால் ஊசி போட்ட எல்லா மாடும் முட்டை விட்டிருக்காது. ஒரு கணக்குக்கு, 20 வாடகைத் தாய்களைத் தயார்செய்தால் 14, 15க்குக் கரு வைக்க முடிந்தாலே திருப்திப்படலாம். எட்டுக் கருவுக்கு எட்டு மாட்டைத் தயார்செய்பவர்கள் கடைசி நாளில் தகுதியில்லாத மாட்டுக்கும் வைக்க வேண்டிய கட்டாயத்தில் போய் நிற்பார்கள்.

படி 5: கரு வைக்கும் நாள்

முதலில் ஒவ்வொரு தாயின் சூலகத்தையும் கையாலோ ஸ்கேனாலோ பார்த்து, மஞ்சள் கட்டி இருக்கிறதா, இடமா வலமா என்று எழுதுங்கள். கட்டி பெரிதா சிறிதா என்பதைவிட, உண்மையில் இருக்கிறதா என்பதே பெரிய கேள்வி. இல்லையென்றால் அந்த மாட்டுக்குக் கரு இல்லை. "வந்தது வந்துவிட்டோம், இதிலும் ஒன்று வைத்துப் பார்த்துவிடலாமே" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் கட்டாயம் வரும். காது கேட்காதவர்போல அடுத்த மாட்டுக்குப் போங்கள்.

உருக்குவதற்கு முன், கரு அடைபட்டிருக்கும் குச்சியோடு (ஸ்ட்ரா) வந்த தாளைப் படியுங்கள். எத்திலீன் கிளைக்கால் எனும் உறைகாப்புத் திரவத்தில் உறையவைத்த கருவை உருக்கி நேரடியாக வைக்கலாம். கிளிசராலில் உறைந்தது என்றால் ஆய்வகத்தில் படிப்படியாகக் கிளிசராலை வெளியேற்றிய பிறகே வைக்க வேண்டும். நேரே வைத்தால் தண்ணீர் செல்லுக்குள் பாய்ந்து ஊதிச் சிதைந்துவிடும். குச்சியின் நிறத்தை வைத்து ஊகிக்க வேண்டாம்.

நேரடி வகைக்கு நடைமுறை இப்படி. திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. குவளையைத் தொட்டியின் கழுத்துக்கு மேலே தூக்காமல், இடுக்கியால் ஒரே ஒரு குச்சியை எடுங்கள். காற்றில் 5 முதல் 10 விநாடி அசையாமல் பிடிக்க வேண்டும். நேரே தண்ணீரில் முக்கினால் கருவின் மேலுறை விரிசல் விடும். பிறகு 25 முதல் 30 டிகிரி தண்ணீரில் 15, 20 விநாடி. தண்ணீரை வெப்பமானியால் அளந்து பாருங்கள், விரலால் அல்ல. எடுத்துத் துடைத்து, நுனி வெட்டி, கருவியில் ஏற்றி, பத்து நிமிடத்துக்குள் வைத்து முடிக்க வேண்டும். தாள் வேறு எண்களைச் சொன்னால் தாள் சொல்வதே சரி. மாடு கூண்டில் நின்று, மரப்பு ஊசி வேலை செய்த பிறகுதான் குச்சி வெளியே வர வேண்டும். குச்சியை உருக்கிக் கையில் வைத்துக்கொண்டு மாட்டைத் துரத்திய கதைகள் எங்கும் உண்டு.

வாலடி முதுகெலும்பு இடைவெளியில் (எபிடியூரல்) 2 சதவீத லிக்னோகைன் மரப்பு ஊசியை 5 மில்லி அளவில் போட்டால் மாடு முக்காமல் நிற்கும். பிறப்புறுப்பைச் சுத்தமாகத் துடைத்து உலர்த்தி, கருவியின் மேல் பாதுகாப்பு உறை போட்டு நுழைத்து, கருப்பை வாயில் அந்த உறையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். வழியில் இருக்கும் அழுக்கைக் கருப்பைக்குள் கொண்டுபோகாமல் இருக்கத்தான் இது. வைக்க வேண்டிய இடம், மஞ்சள் கட்டி இருக்கும் அதே பக்கத்தின் கருப்பைக் கொம்பு (கருப்பையின் கிளை). எதிர்ப்பக்கம் வைத்தால் கருவின் செய்தி வேண்டிய இடத்தைச் சேராது, விழுக்காடு கடுமையாக விழும். கொம்பின் நடுப்பகுதிவரை தடையின்றிப் போனால் போதும். இன்னும் ஆழம் போக ஆசைப்பட்டு முட்டினால் உட்சவ்வு கீறி, ரத்தம் கசிந்து, புராஸ்டாகிளாண்டின் சுரக்கும். கருவி வெளியே வரும்போது நுனியில் ரத்தம் தெரிந்தால் அதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். நல்ல கை உள்ளவர் கருப்பை வாயைத் தாண்டுவதில் நேரம் எடுத்துக்கொள்வார், அதன் பிறகு சட்டென்று முடிப்பார். செயற்கைக் கருவூட்டல் நன்றாகச் செய்பவர் எல்லாம் இதையும் செய்துவிடுவார் என்று எண்ண வேண்டாம், கைப்பழக்கம் வேறு.

புதுக் கரு என்றால் வெயில், கிருமிநாசினி வாடை, பவுடர் கையுறை, ரப்பர் முனை உள்ள சிரிஞ்சு எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். எடுத்ததிலிருந்து மூன்று நான்கு மணி நேரத்துக்குள் வைப்பது நல்லது.

படி 6: அடுத்த ஆறு வாரம்

எதையும் மாற்றாதீர்கள், அவ்வளவுதான். அதே மந்தை, அதே தீவனம், அதே ஆட்கள். வண்டியில் ஏற்றி இடம் மாற்றுவதாக இருந்தால் சினை 45 நாளைத் தாண்டட்டும். தடுப்பூசி, கொம்பு நீக்கம், கன்று பிரிப்பு ஆகியவற்றுக்கும் இதே விதி. சரி, வெயில்? 7 நாள் கரு வெப்பத்தைத் தாங்குவதில் முதல் மூன்று நாள் கருவைவிட உறுதியானது. கோடையில் செயற்கைக் கருவூட்டல் சறுக்கும் இடத்தில் கருமாற்றம் ஓரளவு தாக்குப்பிடிக்க அதுவே காரணம். அதற்காக நிழலும் தண்ணீரும் இல்லாமல் விட்டுவிட முடியாது.

காளையை மந்தையில் விடுவதாக இருந்தால் இரண்டு வாரமாவது பொறுங்கள். பிறக்கும் கன்று கருவினுடையதா காளையினுடையதா என்று சந்தேகம் வந்தால் டி.என்.ஏ. பரிசோதனைதான் வழி.

படி 7: சோதித்தல், எழுதி வைத்தல்

பருவம் வந்த நாளிலிருந்து 28 முதல் 30 நாளில், அதாவது கரு வைத்து மூன்று வாரம் கழித்து ஸ்கேன் பார்க்கலாம். 60ஆம் நாள் மறுபடியும் பார்க்க வேண்டும். ஆய்வகக் கருக்களில் இந்த இடைவெளியில் இழப்பு கூடுதல். முதல் ஸ்கேனை மட்டும் நம்பிக் கன்று கணக்குப் போட்டால் கை சுடும்.

ஒவ்வொரு வாடகைத் தாய்க்கும் ஒரு வரி போதும்: பருவம் வந்த நாளும் மணியும், உடல்நிலை மதிப்பெண், மஞ்சள் கட்டி எந்தப் பக்கம், கருவின் நிலையும் தரமும், குச்சி எண், வைத்தவர், எளிதா சிரமமா, ரத்தம் இருந்ததா. பத்து மாட்டு விளைவை வைத்து யாரையும் குற்றம் சொல்லவோ புகழவோ வேண்டாம். பத்தில் நாலு வந்ததற்கும் ஏழு வந்ததற்கும் வெறும் அதிர்ஷ்டமே காரணமாக இருக்க முடியும். ஐம்பது அறுபது வரி சேர்ந்த பிறகு அதே குறிப்பேட்டைப் பிரித்துப் பாருங்கள். 6 நாளில் வைத்தவை ஒரு பக்கம், 8 நாளில் வைத்தவை ஒரு பக்கம், இளைத்தவை ஒரு பக்கம் என்று பிரித்தால் ஓட்டை எங்கே என்று தெரிய ஆரம்பிக்கும்.

சினை நிற்காத தாயை அடுத்த சுற்றுக்குச் சேர்க்கலாம். நல்ல கரு, சரியான நாள், சிரமமில்லாத கை என்று எல்லாம் இருந்தும் இரண்டாவது முறையும் திரும்பினால், மூன்றாவது கருவை அதற்குச் செலவழிக்காமல் மந்தையிலிருந்து விலக்கிவிடுங்கள்.